இடது கீழுதடு

“இங்க பாருங்க, இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு போகுதே?”

“எங்க?”

“இதோ, கடைசிப் பல்லுக்குக் கீழே. ரெட்டைத் தையல் போட்ட மாதிரி.”

“அது நிழல்மா. டெய்லரம்மா கண்ணுக்கு எலும்பும் துணிதான்!”

மூன்று வருடங்களுக்கு முன், பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இது. திரையில் இருந்தது அவளுடைய தாடை. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவன் வேலை. அவன் கேலி செய்ததும் அவளும் சிரித்துவிட்டாள். தையல் மெஷின் மிதிக்கிறவளுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்?

கீழ்த்தாடை எலும்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு மெல்லிய பாதை உண்டு. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. சிலருக்கு மட்டும் அந்தப் பாதை நடுவிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் அது மங்கலாகத் தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. ‘நரம்புப் பாதை இயல்பாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதை நம்பித்தான் சர்ஜன் அவளுடைய ஞானப்பல்லை எடுத்தார்.

பிரிந்த பாதையில் இருந்த நரம்பு அறுபட்டு, இடது கீழுதடும் முகவாயும் மரத்துப்போயின. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை.

டீ வழிந்தால் தெரியாது. அவள் வலது பக்கமாகக் குடிக்கப் பழகிக்கொண்டாள். வாயில் கவ்வும் குண்டூசிகளையும் வலது ஓரத்துக்கு மாற்றிக்கொண்டாள். பழகாதவன் அவன்தான். ஒவ்வொரு ஞாயிறு மதியமும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வான். பஞ்சுத் துணுக்கால் முகவாயை ஒவ்வொரு இடமாகத் தொடுவான். “தெரியுதா?” என்பான். “இல்ல” என்பாள். தாளில் வரைந்த உதட்டுப் படத்தில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். உணர்ச்சி உள்ள இடத்துக்கு நீலம்.

அந்தப் பஞ்சைத் தவிர அவளுடைய இடது கன்னத்துக்குக் கீழே அவனிடமிருந்து வேறெதுவும் வருவதில்லை. முன்பெல்லாம் போகிறபோக்கில் முகவாயைக் கிள்ளிவிட்டுப் போவான். இப்போது நடந்தாலும் படுத்தாலும் வலது பக்கம்தான். முத்தம்கூட அளவெடுத்த மாதிரி வலது ஓரத்தில் வந்து நின்றுவிடும். அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைக்கிறாள். கேட்டால் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்வானோ என்ற பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

கேட்பதற்குப் பதிலாகப் பொய் சொன்னாள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, உதட்டின் இடது ஓரத்தில் பஞ்சு பட்டிருக்கும் என்று ஊகித்து, “லேசா தெரியுதுங்க” என்றாள். அவன் குழந்தை மாதிரி அழுதான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான். அந்த முகத்துக்காக அடுத்த வாரம் இன்னொரு நீலப்புள்ளி கொடுத்தாள். பிறகு இன்னொன்று.

இன்றும் ஞாயிறுதான். தாள்களையெல்லாம் நாளை சர்ஜனிடம் காட்டுவதற்காக உள்ளறையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே எதிர்வீட்டு நர்ஸுக்கு அவள் வெள்ளைக் கோட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடுப்புல கொஞ்சம் தாராளமா விடு. மூச்சும் விடணும்ல?”

“போன மாசம்தான்க்கா பிரிச்சு விட்டேன். துணி தீர்ந்துடுச்சு, நீங்க தீரல!”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். விரலிடுக்கில் குண்டூசி இருந்ததை மறந்து அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும் நர்ஸின் சிரிப்பு நின்றது.

“அடியே, உதட்டுல ஊசிடி!”

“எங்கக்கா?”

“குத்தி நிக்குது! ரத்தம் வருது, தெரியலையா உனக்கு?”

வெள்ளைக் கோட்டில் இரண்டு சொட்டு விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சத்தம் கேட்டு அவன் தாளோடு ஓடி வந்தான். வந்தவன் அப்படியே நின்றான். ஊசி நின்றது இடது ஓரத்தில். கையிலிருந்த தாளில் நீலப்புள்ளிகள் நெருக்கமாக இருந்த அதே இடம்.

நர்ஸ் இருவர் முகத்தையும் பார்த்தாள். “கோட்டு மெதுவா வாங்கிக்கறேன்மா” என்று கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் ஊசியைப் பிடுங்கிப் பஞ்சால் அழுத்தினான்.

“வலிக்குதா?”

இனிமேல் எப்படிப் பொய் சொல்வது?

“இல்ல.”

“அப்போ இந்த நாலு மாசமும்?”

“நீங்க சாப்பிடாம இருந்ததைப் பார்க்க முடியலங்க.”

வெட்டுத்துணிகளுக்கு நடுவில் அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்தான். புதுத் தாள் ஒன்றில் உதட்டை வரைந்தான். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு பஞ்சைக் கிள்ளினான்.

“சரி. முதல்லேருந்து பார்க்கலாம். கண்ணை மூடு.”

அவள் மூடவில்லை. பஞ்சு பிடித்த கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள்.

“பார்த்தது போதுங்க. தெரியுதா, தெரியலையான்னு கேட்காம, அந்தப் பக்கத்தைச் சும்மா ஒரு தடவை தொடுங்களேன்.”