கடைவாய்ப் பல்லின் விலை

தாளின் கடைசி வரியில் இருந்த தொகையை மூன்று முறை படித்தேன். முதல் முறை, புள்ளி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். இரண்டாவது முறை, வேறு யாருடைய தாளாவது மாறி வந்துவிட்டதோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். மூன்றாவது முறை, வழக்கம்போல நம்மூர்க் காசுக்குப் பெருக்கினேன். பெருக்கி முடித்ததும் காது அடைத்துக்கொண்டது. ரூட் கெனாலுக்கு ஆயிரத்து அறுநூறு, மேலே கேப் போட ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, ஒரே ஒரு பல்லுக்கு. நம்மூர்க் காசில் இரண்டு லட்சத்துச் சொச்சம்.

இதே வேலையை நான் எங்கள் ஊரில் ஒன்பது வருடம் செய்திருக்கிறேன். நான் பல் டாக்டர். இரண்டு நாற்காலி போட்ட கிளினிக், வாசலில் எப்போதும் பத்துச் செருப்பு. இந்தத் தொகைக்கு அங்கே முப்பது பேருக்குப் பல்லைக் காப்பாற்றிக் கேப்பும் போட்டு அனுப்பியிருப்பேன். அந்த முப்பது பேரும் கடைசியில் ‘டாக்டர், கொஞ்சம் பாத்துப் போடுங்க’ என்று தலையைச் சொறிந்திருப்பார்கள், நானும் ஐந்நூறு குறைத்திருப்பேன். இங்கே நான் யாரிடம் தலையைச் சொறிவது? வரவேற்பு மேசைக்காரி தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

பக்கத்தில் இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக இடப்பக்கம் மென்று சாப்பிடவில்லை. சூடாகக் குடித்தாலும் வலி, சில்லென்று குடித்தாலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னதற்கே நூற்று எண்பது வாங்கிவிட்டார்கள்.

“எவ்வளவாம்?” என்றார்.

தாளைக் காட்டினேன். கன்னத்திலிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. வலி போன இடம் தெரியவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, எங்களைத் தவிர. இவர் பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். வேலையில் சேர்ந்த முதல் வாரம் கம்பெனியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்தெந்த மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று கட்டம் கட்டமாக டிக் அடிக்க வேண்டும். பல் வைத்தியத்துக்கு ஒரு தனிக் கட்டம், மாதம் தொண்ணூற்று இரண்டு சம்பளத்தில் பிடிப்பார்கள். இவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “வீட்டுலயே டாக்டரம்மாவ வச்சுக்கிட்டு, மாசம் தொண்ணூத்திரண்ட எவனுக்கோ எதுக்குக் குடுக்கணும்?” என்றார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. “அதானே!” என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். என் டிகிரிக்கு இந்த நாட்டில் கொத்தமல்லிக் கட்டுக்கு உள்ள மதிப்புகூட இல்லை என்பது அப்போது எனக்கு மண்டையில் ஏறவில்லை. இங்கே பரீட்சை எழுதித் தேறி லைசென்ஸ் வாங்கும் வரை நான் யார் வாயிலும் விரல் வைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில்தான், அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க முடியும். போன ஜனவரியில் யாருக்கும் பல் வலிக்கவில்லை, விட்டுவிட்டோம். இப்போது நடப்பது மார்ச்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரே கணக்கைத்தான் இரண்டு தலையும் போட்டுக்கொண்டிருந்தன. வங்கியில் மூவாயிரத்து ஐந்நூறு இருந்தது. ஒன்றரை வருடம் சேர்த்தது. அது என் பரீட்சைக் காசு. கட்டணம் மூவாயிரத்து நூறு, வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. அதை விட்டால் அடுத்த பரீட்சை ஒரு வருடம் கழித்துத்தான்.

இவருக்கு வேலை கிடைத்த கடிதத்தில் வருடச் சம்பளத்தைப் பார்த்த அன்று, ஊரில் இவர் அம்மா, என் அத்தை, அதைப் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஐந்து லட்சம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தப்பும் இல்லை, கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போகும் என்று கடிதத்தில் இல்லை. மிச்சத்தில் பாதி, ஒரு படுக்கையறை வீட்டின் வாடகைக்கே போகும் என்பதும் இல்லை. பிறகு மின்சாரம், பஸ் பாஸ், போன், ஊரில் என் படிப்புக்கு வாங்கிய கடனின் தவணை. தவணை பாக்கியாக இருக்கும் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு பெரிய கடையில் தினம் நான்கு மணி நேரம் பில் போடுகிறேன். இவருக்கு முடிவெட்டுவதும் நானே. முதல் முறை வெட்டியபோது ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஆபீஸில் ஒருவர் இது புது ஸ்டைலா என்று கேட்டாராம்.

வீட்டுக்குள் நுழைந்து சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் இவர் சொன்னார், “நீயே எடுத்துடு.”

“எதை?”

“பல்லத்தான். கிச்சன்ல நாற்காலி இருக்கு. போன்ல டார்ச் இருக்கு. ஊர்லேருந்து அந்தக் குறடு கொண்டுவந்தியே, அதுவும் இருக்கு.”

“மரத்துப்போற ஊசிக்கு எங்க போறது?”

“பல்லக் கடிச்சிக்கிறேன்.”

“எந்தப் பல்ல?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இவருக்குச் சிரித்ததும் வலித்தது. எனக்குச் சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், யார் எடுத்தது என்று கேட்பார்கள். அதோடு என் லைசென்ஸ் கனவுக்கு மூடுவிழா. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அது பிடுங்க வேண்டிய பல்லே இல்லை. எக்ஸ்ரேயை நானும் பார்த்தேன். வேர் இரண்டும் தூண் மாதிரி நின்றன. சுத்தம் செய்து கேப் போட்டால் இன்னும் இருபது வருடம் கல்லைக் கடிக்கும். நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி வருகிறவர்களிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்! ‘விரல்ல அடிபட்டா விரல வெட்டுவீங்களா?’ என்று கேட்டுக் கேட்டே பாதிப் பேரை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

“பரீட்சை எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். நாளைக்கே போய் ரூட் கெனால் பண்ணிக்கலாம்,” என்றேன்.

“இன்னும் ஒரு வருஷம் பில்லு போடுவியா?”

“போட்டா என்ன, கை தேஞ்சா போயிடும்?”

“நீ தூக்கத்துல கூட பார்கோடு அடிக்கிற மாதிரி கைய அசைக்கிற. தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது. என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தார். இவர் வாய் குழறுவதைக் கேட்டதும் விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். “ஏம்மா, மாசம் அஞ்சு லட்சம் வாங்குற புள்ள, ஒரு பல்லுக்கு வைத்தியம் பாக்க முடியாதா? அவன விடு. நீ எதுக்கும்மா இருக்க?” குரலில் வன்மம் எதுவும் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். “பாத்துக்கிறேன் அத்தை,” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இவர் எனக்கு முன்னால் எழுந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டி முடித்திருந்தார். திரையில் பச்சை நிறத்தில் ரசீது எண் வந்திருந்தது. கட்டிய காசைத் திருப்பித் தர மாட்டார்கள் என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பிடுங்கறதுக்கு எவ்வளவுன்னு போன் பண்ணிக் கேட்டேன். முந்நூத்திப் பத்துதானாம்,” என்றார். அந்த ‘தானாம்’தான் என் வாயை அடைத்தது. முந்நூற்றுப் பத்துக்குத் ‘தானாம்’ போடும் ஆளாக இவர் எப்போது ஆனார்?

அதே கிளினிக், அதே நாற்காலி. டாக்டர் என்னைவிடச் சின்னவர். காப்பாற்றக்கூடிய பல் இது, நன்றாக யோசித்தீர்களா என்று இரண்டு முறை கேட்டார். இவர் இரண்டு முறையும் தலையாட்டினார். நான் சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் யார் என்று சொல்ல வேண்டாம் என்று வரும்போதே சத்தியம் வாங்கியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன வெட்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊசி போட்டார்கள், காத்திருந்தார்கள், குறடு உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பிடி, வெளிப்பக்கம் ஆட்டு, அவசரப்படாதே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பையன் சரியாகத்தான் செய்தான். ஐந்து நிமிடத்தில் வேர் இரண்டும் முழுசாக வந்துவிட்டன. எஃகுத் தட்டில் பல் விழுந்த சத்தம் கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆயிரக்கணக்கில் கேட்ட சத்தம். ஒரு நாளும் இப்படித் திரும்பியதில்லை.

டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு இவர் பணம் கட்டப் போனார். கூட மாட உதவிய பெண் மட்டும் என்னோடு இருந்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, நாளையிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் என்று தன் மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குப் புரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் முகத்தைப் பார்த்தாள். நான் முதல் முறை கேட்கிறவள்போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள்.

“உனக்கு மாசம் எவ்வளவு சம்பளம்?” என்று கேட்டுவிட்டேன்.

நம்மூரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம்கூடக் கேட்கிற கேள்விதான். இங்கே இதைக் கேட்கவே கூடாது என்று இவர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, ஒரு எண்ணைச் சொன்னாள். எங்கள் வாடகையைவிட அது நூற்றுச் சொச்சம்தான் கூடுதல். என் பெருக்கல் புத்தி முதல் தடவையாகப் பெருக்காமல் நின்றது.

“அப்ப உன் பல்லுக்கு? இங்க வேலை பாக்கறவங்களுக்கு இவங்களே சும்மா பண்ணிடுவாங்கதானே?”

பாதி விலை, என்றாள். நான்கு விரலை நீட்டி, எடுத்து நான்கு வருடம் ஆகிறது என்றாள். முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டு, ஒரு விரலால் கடைவாயை விலக்கிக் காட்டினாள். இவருக்கு எடுத்த அதே பல், அதே பக்கம். அந்த இடம் வெற்று ஈறாக மூடிப்போயிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பல், பிடிமானம் இல்லாமல் அந்தக் காலி இடத்துக்குள் சாய்ந்து வந்திருந்தது. மேல்வரிசைப் பல் ஒன்று கீழே இறங்கத் தொடங்கியிருப்பது நிழலாகத் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை.

எழுந்து போய் நாற்காலிக்கு மேலே இருந்த விளக்கை அவள் பக்கம் இழுத்தேன். அவள் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இன்னும் பெரிதாக வாயைத் திறந்தாள்.