டைரோனுக்குப் போன பேச்சு

டிம்ப்னா எங்களோடு இருந்த கோடையில் என் அறையில் இரண்டாவது கட்டில் ஒன்று போட்டோம். அவள் அதில் தூங்கியதை நான் அதிகம் பார்க்கவில்லை.

அவள் தம்பி யூஜின் பிரிட்டிஷ் அரசின் லாங் கெஷ் சிறையில் சாப்பிட மறுத்துப் படுத்திருந்தான். அவனுக்கு முன் தொடங்கியவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். நாங்கள் திருடர்கள் இல்லை, போராளிகள், கைதி உடுப்பைப் போட மாட்டோம் என்றார்கள். லண்டன் அசையவில்லை. அமெரிக்கா அதட்டினால் அசையும் என்று அவர்களுடைய ஐரிஷ் மாவட்டமான டைரோனில் யாரோ சொல்ல, டிம்ப்னா விமானம் ஏறினாள். தம்பியைக் காப்பாற்ற வந்தாள். வேறு எதற்கும் இல்லை.

என் அப்பா மாலக்கி டியர்னி, அந்தக் கைதிகளுக்காக அமெரிக்காவில் ஆதரவு திரட்டிய ஐரிஷ் சங்கத்தின் பிராங்ஸ் கிளைக்குத் தலைவர். பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பார். மாலையில் வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு அவளைக் காரில் ஏற்றுவார். யாங்கர்ஸ், உட்சைடு, ஜெர்சி. எல்லா இடத்திலும் ஒரு சர்ச் மண்டபம், மடக்கு நாற்காலிகள், தேநீர்க் கொதிகலன். கொதிகலன் பக்கத்தில் நான் நிற்பேன். பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

முதல் கூட்டத்தில் டிம்ப்னா அழுதுவிட்டாள். திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்.

"நல்லாத்தான் பேசின. ஆனா அழாத புள்ள."

"தன்னால வந்துடுச்சு."

"வரும். நம்ம ஆளுங்களைப் பத்தி உனக்குத் தெரியாது. நீ அழுதா அவனுங்களும் அழுவானுங்க. அப்புறம் அழுத களைப்புக்கு ஆளுக்கு ஒரு பீர் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவானுங்க. நீ நிமிர்ந்து நின்னா, காலையில செனட்டருக்குப் போன் போடுவானுங்க. எனக்கு அந்தப் போன் வேணும்."

"நிமிர்ந்து நின்னா என் தம்பி பிழைச்சிடுவானா?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். இரண்டே வாரத்தில் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, எங்கே நிறுத்துவது எல்லாம் தெரிந்துவிட்டது. கடைசியில் எப்போதும் இதைச் சொல்வாள்: "என் தம்பி பணிய மாட்டான். எங்க அம்மாவும் பணிய மாட்டாங்க. அவன் தன் உயிரைக் குடுக்கத் துணிஞ்ச பிறகு, அதைத் திருப்பி எடுக்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?" கூட்டம் எழுந்து நிற்கும். நாற்காலிகள் பின்னால் சாயும். செனட்டர்களுக்குப் போன்கள் போயின. ஒரு செனட்டர் கவலை தெரிவித்தார். லண்டன் அசையவில்லை.

உட்சைடில் பேசியதை அப்பா டேப்பில் பதிவு செய்தார். ஷானன் விமானத்தில் ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அதை டிம்ப்னாவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். "உங்கம்மா கேட்கட்டும். பெருமைப்படுவாங்க." அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"கிரானியா, நீ ஆஸ்பத்திரி லேபில இருக்கிறவ. நினைவு தப்பின பிறகு சத்து ஏத்தினா பிழைப்பானா?"

"பிழைக்கலாம். மெதுவா ஏத்தணும். வேகமா ஏத்தினா இரத்தத்துல உப்புகள் சட்டுனு இறங்கி இதயம் நின்னுடும்."

"மெதுவா ஏத்தினா?"

"பட்டினியில போன பார்வை திரும்புமான்னு சொல்ல முடியாது."

"பார்வை போனாப் போகுது," என்றாள். பிறகு தோலைக் கூட்டி அள்ளியபடி சொன்னாள்: "நினைவு தப்பிட்டா டாக்டர் எங்கம்மாவைத்தான் கேட்பார். கேட்டாலும் வேணாம்னு சொல்லணும்னு அவன் அம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா அம்மா சத்து ஏத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. எனக்குத் தெரியும். கோழிக் கழுத்தைத் திருக எங்கம்மா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாங்க. திருகி முடிக்கிற வரைக்கும் வெளியிலயே வரமாட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். மேடையில் அப்படிப் பேசியதெல்லாம் அந்த நம்பிக்கையில்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் நாங்கள் பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தது. அவள் அம்மா ஊரில் கடைக்காரர் வீட்டிலிருந்து பேசினார். கடல் தாண்டிப் பேசுகிற எல்லோரையும் போலக் கத்தித்தான் பேசினார். அடுக்களையில் நின்ற எனக்கும் கேட்டது.

"அவனைக் காலையிலேர்ந்து கூப்பிட்டா பதில் இல்லடி. டாக்டர் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

டிம்ப்னா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அம்மா, போய் மாத்திச் சொல்லு. இப்பவே போ."

"நீயா இதைச் சொல்ற?"

"நான்தான்."

"உன் பேச்சு இங்க வந்துச்சுடி. வெள்ளிக்கிழமை மண்டபத்துல போட்டாங்க. ஊரே வந்திருந்துச்சு. பிள்ளையைப் புதைச்ச அம்மாமாரும் வந்திருந்தாங்க. நீ பேசி முடிச்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. ஒவ்வொருத்தரா வந்து என் கையைப் புடிச்சாங்க." அம்மாவின் குரல் இறங்கியது. "முந்தின நாள்தான் பாதிரியார்கிட்ட சொல்லியிருந்தேன், என்னால முடியாது, கையெழுத்துப் போட்டுடப் போறேன்னு. உன் பேச்சைக் கேட்டதும் வெக்கமாப் போச்சு. அக்காக்காரிக்கு இருக்கிற தைரியம் பெத்தவளுக்கு இல்லையேன்னு."

"அது கூட்டத்துக்குப் பேசினதும்மா."

"கூட்டத்துக்குன்னா பொய்யா?"

"பொய் இல்ல," என்றாள். "ஆனா அவன் செத்துப்போவான்."

"அவன் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். நீ ஊருக்கு முன்னாடி சத்தியம் பண்ணிட்ட. நடுவுல நான் யாருடி? அந்த அம்மாமார் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அவங்க பிள்ளைங்க செத்தது வீணா?"

"அம்மா, கெஞ்சிக் கேக்கிறேன்."

"இனிமே கூப்பிடாத. நான் அவன் பக்கத்துல உட்காரப் போறேன்."

அப்பா ரொட்டிப் பையோடு உள்ளே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நான்தானே அனுப்பினேன்," என்றார். "கேட்டா பெருமைப்படுவாங்கன்னு."

"பெருமைப்பட்டாங்க," என்றாள் டிம்ப்னா.

"சாயங்கால விமானத்துக்குச் சொல்றேன்."

"போய் என்ன பண்றது, மாலக்கி? கையெழுத்துப் போடற உரிமை அம்மாவுக்குத்தான். அவங்களை அசைக்க முடியாதபடி நான் கட்டி வெச்சிட்டேன்."

"அப்ப இன்னிக்குக் கூட்டம் வேணாம். ரத்து பண்ணிடறேன்."

"வேணாம். நான் வரேன்."

"என்ன பேசுவ?"

"எப்பவும் பேசறதைத்தான். இன்னிக்கு நான் மாத்திப் பேசினா, எங்கம்மா ஒருத்தி மட்டும் அவனைக் கொன்னவங்களாயிடுவாங்க."

அப்பா ரொட்டிப் பையின் வாயை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அன்று மாலை பெயின்பிரிட்ஜ் அவென்யூ மண்டபம் நிரம்பி, ஆட்கள் படிக்கட்டிலும் நின்றார்கள். யூஜினுக்கு நினைவு தப்பியது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டிம்ப்னா மைக்கிலிருந்து சரியான தூரத்தில் நின்றாள். ஒரு வார்த்தை மாறவில்லை. நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினாள். கூட்டம் எழுந்தபோது நான் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளிடம் கைகொடுக்க வரிசை நின்றது. முதலில் வந்தவர் லெய்ட்ரிமைச் சேர்ந்த ஒரு கிழவர், ஓய்வு பெற்ற சுரங்க ரயில் தொழிலாளி. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கையைப் பற்றினார்.

"உன் துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கிறேம்மா."

அது எங்களில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இறந்தவரின் வீட்டாரிடம் சொல்கிற வார்த்தை. வேறெங்கும் சொல்ல மாட்டோம். சொன்ன பிறகு கிழவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், வாயைத் திறந்தபடி நின்றார். ஆனால் பின்னால் வந்த பெண்ணுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டது. அவளும் அதையே சொன்னாள். அவளுக்குப் பின்னால் இருந்தவரும் சொன்னார். வரிசை முழுவதும் அப்படியே வந்தது, கை, கை, அதே வார்த்தை.

அப்பா தடுக்க முன்னால் போனார். டிம்ப்னா அவரைப் பார்த்தாள். அவர் நின்றுவிட்டார்.

அவள் இழவு வீட்டுப் பெண்ணைப் போல ஒவ்வொரு கையையும் வாங்கினாள். "வந்ததுக்கு நன்றி," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

யூஜின் செவ்வாய்க்கிழமை வரை உயிரோடு இருந்தான்.