துண்டு போட்ட லைசென்ஸ்

வரைபட மென்பொருளைத் திறக்காதவர்களின் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவது, கம்பெனி வாங்கிய லைசென்ஸ்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் அவள் வைத்த விதி. பட்டறைக்குப் புதிதாக வந்த வரைவாளருக்குக் கொடுக்கத்தான் இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை. தயாராக இருந்த படத்தைக்கூட அவரால் திறந்து அனுப்ப முடியாததால் இரும்பு வெட்டும் இயந்திரம் காலையிலிருந்து சும்மா நின்றது. எல்லோரும் அவளைக் குடைந்தார்கள்.

பயன்பாட்டுக் கணக்கைத் துருவினாள். மேலாளர் தினமும் மென்பொருளைத் திறந்து வைத்திருந்தார், ஒரு கோடுகூட வரையவில்லை. மேலாளர் அவளுடைய தாய்மாமன். இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"மாமா, உங்க லைசென்ஸைப் பட்டறைக்கு மாத்தப்போறேன்."

"நான்தான் தினமும் திறக்கிறேனே!"

"பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிச்சிட்டு வீட்ல போய்த் தூங்குற மாதிரி."

"சேர்த்துவிட்டவன்கிட்டயே கை வைக்கிறியாடி?"

"ஒழுங்கா வேலை பாருன்னுதானே சேர்த்துவிட்டீங்க? வரையணும்னா சொல்லுங்க, அன்னைக்கே திருப்பித் தர்றேன்."

மாமா முறைத்தார். அவள் அங்கேயே நின்று போனில் மாற்றிவிட்டாள்.

சற்று நேரத்தில் கீழே இயந்திரம் அலறியது. மேசைமேல் காபி டம்ளர் நடுங்கியது.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ," என்றார் மாமா. "காது போகுது."