அழுக்கே படாத ஃபில்டர்

என் மனைவியின் தம்பியைப் பற்றி நான் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது ஒரு பழைய ஜீப்பால். மலை உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போய் இறக்குவதுதான் பிழைப்பு. வழி முழுக்க மண் பாதை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். இருபத்திரண்டு வருடம் நானே ஓட்டினேன். முதுகு ஒத்துக்கொள்ளாமல் போனதும் மச்சானிடம் சாவியைக் கொடுத்தேன். மலை அடிவாரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி அவன் ஓட்டினான். அந்த இன்ஜினுக்கு உதிரிபாகம் வருவது நின்று எத்தனையோ வருடமாகிறது. போனால் போனதுதான். அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல வண்டி என் வாசல்ல நிக்கணும். ஏர் ஃபில்டரை நான்தான் கழட்டிப் பாப்பேன்."

தூசியை உள்ளே இழுக்கும் இன்ஜின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்ந்துவிடும். அதைத் தடுக்க இருப்பது உருண்டையாக மடித்த அந்தக் காகிதம் மட்டும்தான். அது இருக்கும் டப்பாவின் மூடியைத் திறப்பேன். செய்தித்தாளை விரித்து, ஃபில்டரை நோகாமல் தட்டுவேன். உள்ளே டார்ச் அடித்து எங்காவது கிழிசல் தெரிகிறதா என்று பார்ப்பேன். உள்பக்கத்திலிருந்து வெளியே காற்றடிப்பேன். வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள்ளேயே குத்திக்கொள்ளும். செய்தித்தாளில் விழுந்த மண்தான் மச்சானுக்கு மார்க். ஒரு கைப்பிடி விழுந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

"எந்த லாரி பின்னாடிடா மோப்பம் பிடிச்சுக்கிட்டுப் போனே?"

"டிப்பர்காரன் வழி விடல மாமா."

"நூறடி தள்ளிப் போக வேண்டியதுதானே? உனக்குச் சோறு போடறது இந்த இன்ஜின்டா, உங்க அக்கா இல்ல!"

எதிரே டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார். மச்சான் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்பான். ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "அவனை எல்லார் முன்னாடியும் இப்படிப் பேசணுமா?"

"வண்டி விஷயத்துல தலையிடாதே" என்றேன். அவளும் அதற்குப் பிறகு தலையிடவில்லை.

சில வாரங்களில் தூசி குறைந்தது. பிறகு ஒரு சிட்டிகைகூட விழவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் மாற்றும் ஃபில்டர், அந்தச் சமயத்தில் புதிதாகப் போட்டது, ஒன்பது மாதமாகியும் வெள்ளைவெளேரென்று இருந்தது. வாங்கி வைத்த புதியது அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. டயர் கடைக்காரரைக் கூப்பிட்டே காட்டினேன். வண்டியை அவன் பேருக்கு மாற்றிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"இப்ப என்ன அவசரம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பிக்கு என்று வரும்போதுகூட எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. கயிறு கட்டி மெக்கானிக் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். அந்த மெக்கானிக் எதற்கும் அவசரப்பட மாட்டார் என்பதால் அவருக்கு 'நிதானம்' என்றே பேர். இன்ஜினை எப்படியோ கிளப்பி ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை.

"நிறைய மண்ணு தின்னிருக்குய்யா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வேற யார் வண்டியையாவது சொல்லு. என் ஃபில்டரைத் திறந்து பாரு, தும்பைப்பூ மாதிரி இருக்கும்."

திறந்தார். டப்பா காலி.

இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் முகப்பவுடர் போல மண். "லைனர், பிஸ்டன் எல்லாம் தேஞ்சு போச்சு. இதுக்குச் சாமான் கிடைக்காதுன்னு உனக்கே தெரியும்."

மச்சான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளாடா?"

"மாட்டினா அழுக்காகுது மாமா. அழுக்கானா திட்டுறீங்க. அதான், ஞாயித்துக்கிழமை நீங்க பாத்ததும் கழட்டிருவேன். சனிக்கிழமை திரும்ப மாட்டிருவேன்."

"அழுக்காகறதுக்குத்தாண்டா அதை மாட்டறதே!"

திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. திருப்பித் திட்டியிருக்கலாம். சாவியை என் முகத்தில் எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஒன்பது மாதம், ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொய்யை என் கையில் கொடுத்து, நான் தோளில் தட்டிப் பாராட்டியபோது சிரித்துக்கொண்டு நின்றானே. பெற்ற பிள்ளையை நம்புவது போல நம்பினேனே.

"ஃபில்டர் எங்கடா இப்ப?"

"என் ரூம்ல ஒரே தூசி மாமா..." என்று இழுத்தான். "அக்காகிட்ட குடுத்து வெச்சிருக்கேன்."

சனிக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்க ஓடி வருகிறானே, என்ன பாசம் என்று அதற்கும் நான் மெச்சியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்கு என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரியின் மேலே போர்வைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். என் தலையணை உறை. வாயை நன்றாக முடிந்திருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"ஒம்பது மாசமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட இந்த வீட்ல சத்தம் இல்லைங்க" என்றாள்.

நான் அந்தத் தலையணை உறையையே வெறித்துப் பார்த்தேன். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, முடிச்சை அவிழ்த்து ஃபில்டரை என் பக்கம் நீட்டினாள்.

"பாருங்க, ஒரு பொட்டுத் தூசி படாமத்தான் வெச்சிருக்கேன்."