நீர்நாய்க்குட்டி எங்கே போச்சு?

வணக்கம், எல்லோரும் சுகமா? முட்டிவலிக்காரர்கள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே படிக்கலாம். தடுமன் பிடித்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். கதை சூடு பிடித்த பிறகு எழுந்து போனால் அடிப்பிடிக்கும், சொல்லிவிட்டேன்.

படக்காரி என்று ஒருத்தி. கட்டினவரும் புகுந்த வீட்டாரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். காட்டு விலங்குகளைத் தவிர வேறெதையும் வரையமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "என் மூஞ்சியையும் வரைஞ்சு குடேம்மா" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு வால் இல்லையே சார்" என்று சொல்லித் தப்பித்தவள். கறுப்பு மையும் தூரிகையும் போதும் அவளுக்கு. ஆற்றங்கரைப் புதரில் குந்திக் குந்திப் பார்த்து, ஒரு தாய் நீர்நாயையும் அதன் ஒற்றைக் குட்டியையும் வைத்து ஒரு புத்தகம் பண்ணியிருந்தாள். அதில் ஒரு சொல் கிடையாது. படம் படமாகப் புரட்டிக்கொண்டு போனால் கதை தானாக வரும். குட்டி பிறக்கும், நீந்தப் பழகும், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும், கடைசியில் தாய் அதைக் கண்டுபிடிக்கும்.

அவள் கணவருக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வேலை. எந்த வண்டி எந்த மேடையில் என்று நாள் முழுக்க அறிவித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே சுருதியில்தான் பேசுவார். "சாப்பாடு தயார், கை கழுவ வேண்டியவர்கள் கழுவிவிட்டு வரவும்" என்பார். வீட்டுக்கான சொற்களை எல்லாம் அவரே செலவழித்துவிடுவதால்தான் மனைவி சொல்லே இல்லாமல் புத்தகம் போடுகிறாள் என்று அவருடைய அக்கா கேலி செய்வாள்.

பைண்டிங்கில் இருந்து முதல் சில பிரதிகள் ஒருநாள் சாயங்காலம் வந்தன. ஒன்றைக் கணவர் தன் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். படக்காரி மட்டும் ஒரு பிரதியையும் திறக்கவில்லை. அச்சான புத்தகத்தை முதலில் திறக்கும்போது கண்ணில் படுவது தப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு பயம். திறக்காமலும் இருப்புக் கொள்ளவில்லை. மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். கழுவி வைத்த தூரிகைகளை எடுத்துக் கழுவினாள்.

மறுநாள் காலையில் கணவர் புத்தகத்தைக் கையில் எடுத்து, நின்றபடியே கடைசிவரை புரட்டினார். மூடி வைத்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். ஒரு தீப்பெட்டியைப் பற்றிக் கேட்டால்கூட அரைமணி நேரம் பேசுகிற மனுஷன், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். படக்காரி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, சொல்ல மனமில்லாமல் போகிறார் என்று நினைத்தாள். அப்போது கைபேசி அடித்தது. நாத்தனார்.

"ஏம்மா, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"என்னையா கேக்குற? அந்தக் குட்டிக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல. இங்க என் மக வாயில வச்சதை முழுங்காம உக்காந்திருக்கா. கன்னம் ரெண்டும் பந்து மாதிரி உப்பிக் கிடக்கு."

"குட்டிதான் அம்மாகிட்ட வந்து சேர்ந்திடுதே அண்ணி! ரெண்டும் மரவேருக்கடியில சுருண்டு தூங்குதே!"

"தூங்குது, யாரு இல்லேன்னா? அதுக்கப்புறம்தானே மழை வருது. வெள்ளம் வந்து குட்டியை அடிச்சுட்டுப் போயிடுது. தாய் பாறை மேல நின்னுக்கிட்டு வெறும் ஆத்தைப் பாக்குது. அடுத்தது அட்டை! உள்ள இன்னும் ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு அட்டையை நகத்தால பிரிச்சுப் பாக்குறா என் பொண்ணு. படம் வரையச் சொன்னா இப்படியா ஒரு குடும்பத்தையே நாசம் பண்ணுவ?"

படக்காரி கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். பிறப்பு சரி. நீச்சல் சரி. அடுத்து வெள்ளம் வரவேண்டிய இடத்தில் குட்டி நாணல் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தது. தாய் மோப்பம் பிடித்து வருகிறது, கண்டுபிடிக்கிறது, இரண்டும் தூங்குகின்றன. அதற்குப் பிறகு கருமேகம்.

கடைசிப் பக்கக் கட்டுக்கு முந்தின கட்டு கடைசியாகவும், கடைசியானது அதற்கு முன்னாலும் போய்விட்டிருந்தன. கொடுமை என்னவென்றால், அப்படியும் கதை பிசிறில்லாமல் ஓடியது. ஊர் சுற்றப் போன குட்டியைத் தாய் தேடிப் பிடிக்கிறது, பிறகு ஆறு அதைப் பிடுங்கிக்கொள்கிறது. தப்பு என்று யாருக்கும் தோன்றாது. வரைந்தவள் ஒருத்திக்கே தெரியும்.

படி இறங்கிக்கொண்டே கணவருக்கு அடித்தாள்.

"உங்களுக்குத் தெரியலையா? கதைதான் நான் ஏற்கெனவே சொன்னேனே!"

"சொன்னே. கடைசியில மாத்திட்டயோன்னு நினைச்சேன். உனக்குள்ள என்னவோ பெரிய துக்கம் இருக்கு போல, நானா கேட்டுக் கிளற வேணாம்னுதான்..." அவர் குரல் இறங்கியது. பின்னால் யாரோ எட்டாம் மேடை எங்கே என்று கத்தினார்கள். "நான் வாயை மூடினதே தப்பாப் போச்சு, பாத்தியா?"

பைண்டிங் கூடம் ஒரு பழைய தானியக் கிடங்கு. பசை வாசனை வாசலிலேயே வரவேற்றது. நீள மேசையில் மடித்த தாள்கள் குவியல் குவியலாக இருந்தன. பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் ஒரு கட்டுப் பக்கங்கள் வரும், அதற்கு ஃபாரம் என்று பெயர். நாலு ஃபாரத்தை வரிசையாக அடுக்கி முதுகில் பசை போட்டால் இந்தப் புத்தகம். சுவரோரம் முக்கால்வாசி ஏற்கெனவே பசை போட்டு, அட்டை ஒட்டி, அடுக்காக நின்றன.

பைண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஃபாரத்தை நாங்க எதை வச்சு அடுக்குவோம்? பக்க எண்ணை வச்சு. உங்க புத்தகத்துல எண் கிடையாது."

"எழுத்து, எண் எதுவும் வேணாம்னு நான்தான் சொன்னேன். ஆனா முதுகுல ஏதோ அடையாளம் போடுவீங்களாமே?"

"போடுவோம். ஒவ்வொரு ஃபாரத்தோட முதுகு மடிப்புலயும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். வரிசையா அடுக்கினா படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வரும். ஒண்ணு மாறினாலும் படி உடைஞ்சது தெரிஞ்சிடும்." பைண்டர் இருமினார். "மாதிரித் தாளைப் பாத்துட்டு நீங்க அச்சகத்துல சண்டை போட்டீங்களாம். 'நான் வரையாத ஒரு கறுப்புப் புள்ளிகூட என் புத்தகத்துல இருக்கக் கூடாது, இந்தக் கறையை எடுங்க'ன்னு. எடுத்துட்டாங்க."

படக்காரிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சண்டையில் ஜெயித்ததற்காக அன்று வீட்டில் இனிப்பு வேறு செய்திருந்தாள்.

"அதான் நாங்க எல்லாரும் கூடி உக்காந்து படத்தைப் பாத்துக் கதை கட்டினோம். ரொம்ப நல்லா வந்துச்சு. ரெண்டு பேர் அழுதாங்க."

வழியிலேயே அவள் பதிப்பாளருக்கும் சொல்லியிருந்தாள், அவர் அதற்குள் வந்துவிட்டார். அவருக்கு ஊரில் அவசரம் என்றுதான் பெயர். ஒரு வாக்கியம் முடியும் முன்னால் அடுத்ததைத் தொடங்குவார். "நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், படத்துக்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி போடும்மான்னு, கேட்டியா? வேன் சாயங்காலம் வருது, நூலகத்துக்கெல்லாம் வாக்குக் குடுத்தாச்சு. பசை போடாததை மாத்தி அடுக்கிடலாம், போட்டதுக்கு இந்தா." பையிலிருந்து ஒட்டுச் சீட்டுக் கட்டை எடுத்தார். வரும் வழியிலேயே அடித்து வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் அழகான எழுத்தில்: 'மறுநாள் குட்டி அம்மாவிடம் திரும்பி வந்தது.'

"கடைசிப் பக்கத்துல இதை ஒட்டினா முடிஞ்சுது. பிள்ளைங்களும் அழாது. இது நல்லாப் போச்சுன்னா அடுத்த தடவை எல்லாப் பக்கத்துக்கும் ஒரு வரி போட்டுடலாம். என்ன சொல்றே?"

அதுதான் விஷயம். அந்தச் சீட்டு ஒருமுறை உள்ளே போய்விட்டால் பிறகு அவள் புத்தகம் எதற்கும் சொல்லில்லாமல் இருக்க வழியே கிடையாது. நீர்நாய் வாலைத் தூக்கினாலும் கீழே ஒருவர் நின்று 'நீர்நாய் வாலைத் தூக்கியது' என்பார்.

"ஒட்டக் கூடாது" என்றாள்.

"அப்ப இப்படியே அனுப்பவா? ஊரெல்லாம் பிள்ளைங்க வாயில சோத்தை அடக்கிக்கிட்டு உக்காரட்டுமா?"

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பாறை மேல் தாய். கீழே ஆறு, பக்கத்தின் பாதிக்குமேல் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையைத் தலைகீழாகக் கொட்டி, மைப்பேனாவைத் தேடி எடுத்தாள்.

"குட்டியை நானே தண்ணியில வரைஞ்சிடறேன். ஒவ்வொண்ணுலயும், கையால."

"அத்தனைலயுமா? உனக்கென்ன பைத்தியமா?"

"வேன் வர்றதுக்குள்ள முடிச்சேன்னா சீட்டு கிடையாது. இந்தப் புத்தகத்துக்கும் கிடையாது, அடுத்ததுக்கும் கிடையாது. முடியலேன்னா மிச்சத்துல ஒட்டிக்கோங்க."

பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அடுக்குகளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "ஆகட்டும்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, சீட்டுக்கட்டும் கையுமாகச் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார்.

முதல் குட்டி சரியாக வரவில்லை. பைண்டர் எட்டிப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். உருளைக்கிழங்கு மிதக்குற மாதிரி இருக்கு."

அவள் இரண்டு காதும் மீசையும் வைத்து, தலைக்குப் பின்னால் விரிந்துபோகிற இரண்டு அலைக்கோடு இழுத்தாள். உருளைக்கிழங்கு நீந்தத் தொடங்கியது.

பிறகு கை ஓடியது. பைண்டர் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்ட, அவள் வரைய, கூடத்தில் வேலை செய்கிற ஒருத்தி வாங்கி மை காயப் பரப்பினாள். தாயின் பார்வை போகிற திசையில்தான் முதலில் வரைந்தாள். போகப் போக அது அலுத்தது. ஒன்றில் குட்டியைத் தூரத்தில் வைத்தாள், புள்ளிக்குக் கொஞ்சம் பெரிதாக. ஒன்றில் பாறைக்கு அடியிலேயே, தாய்க்கு முதுகுப் பக்கம் வைத்தாள். தாய் இன்னும் பார்க்கவில்லை, புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைதான் முதலில் பார்க்கும். ஒன்றின் வாயில் மீன்கூட இருந்தது.

"வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனதுக்கு மீன் வேறயா?" என்றார் பதிப்பாளர்.

"வெறுங்கையோட வந்தா அம்மா திட்டாதா?" என்றாள் படக்காரி, தலையைத் தூக்காமலே.

மத்தியானத்துக்கு மேல் கணவர் சீருடையோடு வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்ததும் ஒரு அட்டையை எடுத்து ஈரப் பக்கங்களுக்கு விசிறத் தொடங்கினார். "பயணிகள் கவனத்திற்கு. ஆற்று மேடையில் இருந்து புறப்பட்ட குட்டி இன்னும் சற்று நேரத்தில்..."

"என்னங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்! கோடு கோணுது."

"காலையில சும்மா இருந்தேன், அதுக்கும் திட்டு" என்று விசிறலை வேகப்படுத்தினார்.

அவளுக்கு விரல் மரத்தது. தோள் இழுத்தது. வாசலில் எந்த வண்டி போனாலும் பேனா நின்றது. பதிப்பாளர் ஸ்டூலில் இருந்து எழுந்து எட்டிப்பார்ப்பார், இல்லையென்று உட்காருவார். கடைசி அடுக்கைத் தொட்டபோது நிஜமாகவே வேன் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இறங்கிக் கட்டுகளை ஏற்றத் தொடங்கினார். ஏற்றுகிற கைக்கும் வரைகிற கைக்கும் போட்டி. மீசை விட்டுப்போனது, அலை ஒற்றைக்கோடானது, ஆனாலும் ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு தலை இருந்தது. கடைசிப் பிரதியில் பேனாவை எடுத்த அதே மூச்சில் பைண்டர் புத்தகத்தை மூடி அடுக்கில் வைத்துவிட்டார்.

"ஐயோ, ஈரம்!"

திறந்து பார்த்தார்கள். எதிர்ப்பக்கம், அட்டையின் வெறும் உள்பக்கத்தில், குட்டி அப்படியே பதிந்திருந்தது. கொஞ்சம் மங்கலாக, திசை மாறி, முதல் குட்டியைப் பார்த்து நீந்திக்கொண்டு. அதற்குக் கீழிருந்த சில பிரதிகளிலும் அதே கதை.

"இப்ப ரெண்டு குட்டி ஆயிடுச்சே!" பதிப்பாளர் தலையில் கை வைத்தார். "போனது ஒண்ணுதானே? இன்னொண்ணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் படக்காரி. "கேக்கட்டும்."

பதிப்பாளர் வாயைத் திறந்தார். ஓட்டுநர் மறுபடி ஹாரன் அடித்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, தானே ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

வேன் போய்விட்டது. படக்காரி மட்டும் உட்காரவில்லை. தெருமுனைவரை போய்ப் பார்த்தாள், திரும்பி வந்தாள். எந்தக் குட்டி எந்த வீட்டுக்குப் போகும், தூரத்துப் புள்ளியைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பிள்ளை அட்டையைப் பிய்க்கும் என்று மனசு அலைந்தது. கணவர் அவள் மையான விரல்களைப் பிடித்து வீட்டுப்பக்கம் திருப்பினார். அப்போதும் அவள் கழுத்து வேன் போன திசையிலேயே இருந்தது.

சரி, இனி உங்கள் முறை. எழுத்தே இல்லாத படப்புத்தகத்தை விரித்து உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் என்ன கதை விட்டீர்கள்? அது நடுவில் உங்களை மடக்கி என்ன கேட்டது? புலியோ நரியோ முயலோ, எதுவானாலும் சரி, ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புங்கள். சுருக்கமாக எழுதுகிறேன் என்று பாதியை முழுங்கிவிடாதீர்கள்.