வாழையின் தலைப்பக்கம்

மகேந்திரராசா இத்தாலியில் வாகனம் ஓட்டும் அனுமதிப் பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டவர். அவருடைய மனைவி சிவமலர் முதல் தடவையிலேயே தேறியவள். அந்த வீட்டில் வாகனத்தைப் பற்றி யார் வாய் திறக்கலாம் என்று கேட்டால் நியாயப்படி பதில் சுலபம். ஆனால் வாய் நியாயம் பார்த்தா திறக்கிறது? கிளிநொச்சியில் டிராக்டர் ஓட்டியவர் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, அவர் பலெர்மோ நகரத்து வாகனங்கள் அத்தனைக்கும் அதிகாரியாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார்.

சிவமலர் துடைத்துக் கூட்டிவந்த வீட்டின் எஜமானியான சிஞ்ஞோரா, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க ஆள் தேடினாள். தேடிக் களைத்துப்போய், "துடைப்பத்தைக் கீழே வை, என் சின்ன ஜீப்பை எடு" என்று சிவமலரையே கேட்டாள். சிவமலருக்கு அந்த வேலை வேண்டும். கனவில்கூடக் கியர் மாற்றும் அளவுக்கு வேண்டும்.

"பொம்பிளை கார் ஓடிச் சம்பாதிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்று மகேந்திரராசா ஒரு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "குணரத்தினம் அண்ணையின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு வாழை ஏத்தவேணும். நீ பழுதில்லாமல் மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர். பிறகு வேலையைப் பற்றிப் பாப்பம்."

சிஞ்ஞோராவும் ஜீப்பைக் கொடுத்தாள். அதன் பின்னால், அவள் மகன் படகு இழுப்பதற்காகப் பூட்டிய கொளுக்கி இருந்தது. நகருக்கு வெளியே சியாகுல்லியில் மகேந்திரராசா வேலை செய்த, 'மாந்தரின்' என்ற சின்னத் தோடம்பழத் தோட்டத்து முதலாளி, பழப்பெட்டி ஏற்றும் இரண்டு சில்லு ட்ரெய்லரைக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற குலை வாழைகள் இரண்டையும் கொடுத்தார். கிழங்கோடு தோண்டி இடத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. கலியாணத்தன்று காலையில் தோண்டினார்கள். மண் அப்பிய கிழங்குகள் ஒவ்வொன்றும் ஒரு பன்றிக் கனம்.

மேற்பார்வைக்கு வந்திருந்த குணரத்தினம் மணப்பெண்ணின் தகப்பன். சம்பிரதாயத்துக்குப் பலெர்மோவின் ஏக விநியோகஸ்தர் என்று நினைப்பு.

"கிழங்கையோ முன்னுக்கு வைக்கப் போறியள்?" என்று அவர் பாய்ந்து வந்தார். "காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு போறது பிணம்! கலியாண வாழை தலை முன்னுக்குத்தான் போகவேணும்."

பிணம் என்ற சொல்லுக்குப் பிறகு யார் எதிர்த்துப் பேசுவது? இலைகள் ஜீப்பின் முதுகில் சாய, கிழங்குகள் இரண்டும் ட்ரெய்லரின் வால் பக்கத்தில் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ட்ரெய்லரின் மூக்கு மேலே எழும்பப் பார்த்தது. எல்லோரும் சம்பிரதாயத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததால் மூக்கை ஒருவரும் கவனிக்கவில்லை. குணரத்தினம் திருப்தியோடு தங்கை மகனின் காரில் ஏறி முன்னே போய்விட்டார்.

தோட்டத்திலிருந்து வெளியேறக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. "மதில் பக்கம் திருப்பு!" என்றார் மகேந்திரராசா. சிவமலர் மதில் பக்கம் திருப்பினாள். ட்ரெய்லரோ மறுபக்கம் போய் ஒரு மாந்தரின் மரத்தை முட்டியது.

"நான் என்ன சொன்னனான், நீ என்ன செய்யிறாய்?"

"நீங்கள் சொன்னதைத்தான் செய்தனான்" என்றாள். ட்ரெய்லர் விஷயத்தில் புருஷன் சொல்வதை அப்படியே செய்யக்கூடாது என்று மனதில் குறித்துக்கொண்டாள். மற்ற விஷயங்களில் அதை எப்போதோ குறித்தாயிற்று.

நகரைச் சுற்றிப் போகும் பெருந்தெருவில் ஓர் இறக்கம் வந்தது. ஜீப் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. இடது கண்ணாடியில் தெரிந்தது, அடுத்த கணம் வலது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹார்னில் படுத்தே விட்டான்.

"பிரேக்கை அமத்து! அமத்தடி!" என்று மகேந்திரராசா கத்தினார்.

சிவமலரின் கால் பிரேக்குக்குப் போனது. மாந்தரின் மரம் ஞாபகம் வந்தது. கால் பாதி வழியில் நின்றது. பிரேக்கையும் தொடவில்லை, ஆக்சிலேட்டரையும் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தபடி பிள்ளையாரைக் கூப்பிட்டாள். வேகம் தானாக இறங்க, ஆட்டமும் இறங்கியது. ஓரம் கட்டி நிறுத்தினாள். வேலை போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்தாள். உயிர் போயிருக்குமே என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை எண்ணி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இறங்கிப் பின்னால் போய்க் கிழங்கை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஜீப்பின் பின்பக்கம் மேலே எழும்பியது.

"இஞ்சருங்கோ, கனம் முழுக்க வாலிலை கிடக்கு. திருப்பிப் போடுவம். கிழங்கு முன்னுக்கு."

"காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டோ? குணரத்தினம் அண்ணை என்னைக் கொல்லுவார்!"

"இப்பிடியே போனா அண்ணைக்கு அந்த வேலை மிஞ்சாது."

திருப்பிப் போட்டார்கள். கிழங்குகள் சில்லுகளுக்குச் சற்று முன்னால் அமர்ந்தன. கயிற்றை இறுக்கி, பின்னால் நீட்டிய இலைகளில் ஒரு சிவப்புத் துவாயைக் கட்டினாள். அதன் பிறகு அவள் மெதுவாக ஓட்ட, ட்ரெய்லர் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது.

மண்டபம் நகரத்தில் சீசா என்ற பகுதியில் ஓர் ஒடுங்கிய தெருவில் இருந்தது. வாசலில் குணரத்தினம் மாப்பிள்ளை வீட்டாரோடு நின்றார். கிழங்கு முன்னே வருவதைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, பிணமே கொண்டு வாறியள்!"

"நான் வேண்டாமெண்டு சொன்னனான் அண்ணை, இவள்தான்..." என்று மகேந்திரராசா மனைவியைத் தாரைவார்த்தார்.

இத்தனை தூரம் வந்தும் வேலை கை நழுவுகிறது. சிவமலர் வாசலைப் பார்த்தாள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் யாரோ பூட்டி விட்டுப்போன ஸ்கூட்டர். வாசலைத் தாண்டி ஓட்டிப்போய் நிறுத்தினாள்.

"அண்ணை, பின்னுக்குத்தான் எடுக்கப்போறன், வாசலுக்குள்ளை தலைதான் முதல் வரும். கொஞ்சம் விலகி நில்லுங்கோ." பிறகு புருஷனிடம், "இறங்கிப் பின்னுக்கு நிண்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேணுமெண்டு சொல்லுங்கோ. வாய் மூடாமல் சொல்லவேணும்" என்றாள்.

வாய் மூடாமல் சொல்வதற்கு அவரிடம் கேட்கவும் வேண்டுமா?

"மதில் பக்கம்! மதில் பக்கம்! போதும், ஸ்கூட்டர்ப் பக்கம்! இன்னும்! மதில், மதில்!"

மேல் மாடிகளில் பெண்கள் உடுப்புக் காயப்போடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவர் "பியானோ, பியானோ!" என்று இத்தாலிய மொழியில் 'மெல்ல, மெல்ல' சொன்னார். ட்ரெய்லர் அங்குலம் அங்குலமாக அரக்கி மடங்கி, சிவப்புத் துவாயும் இலைகளும் முன்னே வர, வாழைகள் தலையை நீட்டி மண்டபத்துக்குள் நுழைந்தன. யாரோ நாதஸ்வரக் கசற்றைப் போட்டார்கள். "இப்பிடித்தான் உள்ளை எடுக்கவேணுமெண்டு நான் முதலே யோசிச்சனான்" என்று குணரத்தினம் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தியளே அண்ணை!" என்று மகேந்திரராசா நெஞ்சை நிமிர்த்தினார். "நான் சொல்லச் சொல்ல அப்பிடியே எடுத்தாள்."

கயிற்றை அவிழ்க்கும்போது சிவமலர் அவர் காதோரம் சொன்னாள்: "நீங்கள் மதில் எண்டேக்கை நான் ஸ்டியரிங்கை ஸ்கூட்டர்ப் பக்கம் திருப்பினனான். ஸ்கூட்டர் எண்டேக்கை மதில் பக்கம்."

அவருடைய கை கயிற்றில் நின்றது. "ஒவ்வொருக்காலுமோ?"

"ஓம்."

"ரோட்டிலை நான் பிரேக் எண்டது?"

"அதையும் கேக்கேல்லை."

அவர் மதிலைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. "அப்ப நான் ஒண்டும் சொல்லாமல் நிண்டிருந்தா?"

"எங்கையாவது இடிச்சிருப்பன். நீங்கள் சொன்னபடியாத்தான் எந்தப் பக்கம் திருப்பக்கூடாதெண்டு தெரிஞ்சுது." அவள் நையாண்டி பண்ணவில்லை, உண்மையைத்தான் சொன்னாள். அது அவருக்கும் விளங்கியது.

மகேந்திரராசா கயிற்றைச் சுருட்டினார். குணரத்தினம் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு மீசையின் ஓரத்தில் ஒரு சிரிப்போடு, அதிகாரக் குரலில் சொன்னார்:

"சிவமலர், நல்லாக் கேள். நீ சிஞ்ஞோராவின்ரை கார் ஓடுற வேலைக்குப் போகவே கூடாது."

திங்கட்கிழமை காலையே அவள் அந்த வேலையில் சேர்ந்தாள்.