பெட்டிக்குள் கொசுப்புழுக்கள் மட்டும்

பெட்டித் தண்ணீரில் கொசுப்புழுக்கள் சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தன. பயணத்திலிருந்து வந்த கையோடு நிசாந்தினி பெட்டிமேல் குனிந்து மூலைமூலையாகப் பார்த்தாள். அவை இன்னும் உயிரோடிருக்கின்றன என்றால், அவற்றைத் தின்னும் ஆள் அங்கே இல்லை.

ஆள் என்பது ஒரு நீர்வண்டின் புழு. அரிவாள்போல இரண்டு தாடைகள், அவற்றுக்குள் குழாய். குத்திப் பிடித்து, இரையைக் கரைத்து உறிஞ்சிவிடும். சதுப்பில் பிடித்து வந்தவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான்; கூடப்பிறந்தவற்றை இதுவே தின்று தீர்த்திருந்தது. வண்டாக மாறினால்தான் இன்ன இனம் என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வில் ஓர் அத்தியாயம் காலி. சதுப்பும் இப்போது வற்றிவிட்டது.

வெலிங்டன் மாநாட்டுக்கு அவள் போயிருந்த வாரம் முழுக்கக் காவல், கணவன் கௌசிகன்.

"மூடி ஏன் திறந்திருக்கு?"

"வாலை மேல நீட்டித்தான் மூச்சு விடும் எண்டு நீர்தானே சொன்னனீர். சாப்பாட்டையும் விட்டிட்டுது. காத்துப் போதேல்லையாக்கும் எண்டு…"

சாப்பாட்டை விட்டுவிட்டதா? அது நோயில்லை. வளர்ந்து முடித்த புழு தின்னாது. தண்ணீரை விட்டு ஏறி, ஈரமண் தேடிப் புதையும். அதற்கு இன்னும் நாளிருக்கிறது என்று அவள் தப்புக்கணக்குப் போட்டிருந்தாள்.

கிளென் ஈடனில் இருக்கும் தங்கள் வீட்டை இருவரும் புரட்டினார்கள். வாக்குவம் கிளீனர் குப்பையைக்கூடக் கௌசிகன் தாளில் கொட்டிக் கிளறினான். தான் காணாமல் போனால்கூட அவள் இப்படித் தேடமாட்டாள் என்று முணுமுணுத்தான்.

பெட்டிக்குப் பக்கத்தில் வேறென்ன இருந்தது என்று கேட்டாள். கறிவேப்பிலைத் தொட்டி, விளிம்போடு விளிம்பாக. வெயிலுக்காக இன்று காலைதான் ஜன்னலடிக்கு நகர்த்தினானாம்.

ஓடினாள். தொட்டியில் புளித்த வாடை.

"மோர் ஊத்தினனீங்களோ?"

"ஓம். அதுக்கு உரமெல்லே." சொல்லும்போதே அவன் முகம் வெளிறியது.

"எந்தப் பக்கம்?"

"தண்டடியில மட்டும். விளிம்பில ஊத்தினா வழிஞ்சு நாறும் எண்டு நீர் ஏசுவீர்."

விளிம்போரம் சின்ன மண்மேடு. கரண்டி நுனியால் அதன் ஓரத்தை மட்டும் நீக்கினாள். உள்ளே உருண்டையாக ஓர் அறை, மோர் எட்டாமல். அதில் பால்வெள்ளையாய்க் கூட்டுப்புழு. மடித்த கால்கள், கருத்துவரும் கண்கள். கைப்பேசி வெளிச்சம் பட்டதும் வயிற்றை ஒருமுறை சுழற்றியது.

"உயிரோட இருக்கு."

மண்ணை மெல்ல மூடிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். கௌசிகனும் பக்கத்தில் சரிந்தான். வண்டு வெளியே வரும்வரை தொட்டியைத் தொடக்கூடாது என்றாள். தொடமாட்டேன் என்று அவசரமாகத் தலையாட்டினான். கொஞ்ச நேரம் இருவரும் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

"நிசா, இனியாவது முதுகில கிடக்கிற பையைக் கழட்டும்."